விட்டுப்போன முதல் பாதி

அந்த அறைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. பிள்ளைகள் அதை ஒர்க்‌ஷாப் என்பார்கள். அடிபட்ட வண்டிகள் வந்து நிற்கிற இடம். அல்ஜீப்ராவில் கவிழ்ந்தவர்கள், வரலாற்று வகுப்பில் தூங்கிப்போனவர்கள், உடற்பயிற்சி வகுப்புப் பக்கமே போகாமல் அரை கிரெடிட்டைத் தொலைத்தவர்கள் எல்லோரும் இங்கேதான் வந்து கணினி முன்னால் உட்கார வேண்டும். தொலைத்த பாடத்தைத் திரையில் திரும்பப் படித்துத் தேறினால் தொலைந்த கிரெடிட் கைக்கு வரும். எல்லாக் கிரெடிட்டும் நிறைந்தால்தான் டிப்ளமா.

அவர்களைப் பார்த்துக்கொள்வது கில்மன் டேகலின் வேலை. யாருக்கு எந்தப் பாடம் என்று கணினியில் ஏற்றுவான். ஒரு தேர்வில் மூன்று முறை தோற்றால் பாடம் பூட்டிக்கொள்ளும். போய்த் திறந்துவிடுவான். பக்கத்துத் திரையில் விடை தேடுகிறவனின் தோளுக்குப் பின்னால் போய்ச் சும்மா நிற்பான். திட்டமாட்டான். நின்றாலே போதும்.

செயின்ட் ரெமி பள்ளியில் அவனுக்கு நல்ல பெயர். டிசம்பர் கடைசியில் அவன் மனைவி ஓடில் இறந்துபோனாள். ரத்தத்தில் வந்த நோய். கிறிஸ்துமஸ் மரத்தை அவள்தான் நிறுத்தினாள். அவன்தான் தனியாகப் பிரித்துப் பெட்டியில் வைத்தான். ஜனவரியில் வேலைக்கு வந்தான். அன்றிலிருந்து பள்ளியில் யாரும் அவனிடம் சத்தமாகப் பேசுவதில்லை. நகல் எடுக்கும் இயந்திரத்தில் அவனை முன்னால் விட்டார்கள். அவன் மேசையில் மூடி போட்ட பாத்திரங்களை வைத்துவிட்டுப் போனார்கள். உள்ளே இருப்பதைக் குப்பையில் கொட்டி, பாத்திரத்தைக் கழுவி, நன்றி சொல்லித் திருப்பிக் கொடுப்பான். எதுவும் உள்ளே போய்ச் சேரவில்லை. பசி, குளிர், நன்றி எதுவுமே.

ஜூன் முதல் வாரம், புதன்கிழமை. மாணவர் பதிவுகளைப் பார்க்கிற நடீன் கையில் இரண்டு காப்பியோடு உள்ளே வந்தாள். காலால் கதவைச் சாத்தினாள். அவள் கதவைச் சாத்துகிறவள் இல்லை.

"கில்மன், கோலெட் சீர் பத்திப் பேசணும். அவளோட பதினொண்ணாம் வகுப்பு இங்கிலீஷ்."

"முடிச்சுட்டாளே. ஏப்ரல்லயே முடிச்சா. நல்ல மார்க்கு."

"முடிச்சது ரெண்டாம் பாதி."

"ஆமா."

"அவ கோட்டை விட்டது முதல் பாதி. ரெண்டாம் பாதிய அவ அந்த வருஷமே பாஸ் பண்ணிட்டா."

அவன் திரையைத் தன் பக்கம் திருப்பினான். ஒவ்வொரு பாடத்துக்கும் இரண்டு பாதி. இலையுதிர் காலத்துக்கு ஒன்று, வசந்தத்துக்கு ஒன்று. பட்டியலில் ஒன்றின் கீழ் ஒன்றாக இருக்கும். ஜனவரியில், திரும்பி வந்த முதல் வாரத்தில், அவன் கீழே இருப்பதை அழுத்தியிருந்தான்.

"யாருக்கும் நடக்கும்ப்பா. அதுவும் அந்த வாரம்..." என்றாள் நடீன்.

"நடீன், வேண்டாம்."

"சரி. சொல்லல." காப்பியை அவன் பக்கம் நகர்த்தினாள். "சனிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு மார்க்கு மூடிருவாங்க. ஞாயித்துக்கிழமை பட்டமளிப்பு. கவுன் லிஸ்ட்டுல இன்னும் அவ பேர அடிக்கல. என் கைதான் வரமாட்டேங்குது."

கோலெட் சீருக்கு லைன்மேன் பயிற்சியில் இடம் கிடைத்திருந்தது. கம்பம் ஏறி மின்கம்பி இழுக்கிற வேலை. போன வருடம் பனிப்புயலில் ஊர் இருண்டு கிடந்தபோது கம்பத்தின் மேல் தொங்கிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து அன்றே முடிவு செய்துவிட்டாள். அடுத்த திங்கட்கிழமை சேர வேண்டும். டிப்ளமா இல்லாவிட்டால் அந்த இடம் அடுத்தவனுக்குப் போய்விடும். பிறகு அடுத்த வருடம்தான், அதுவும் கிடைத்தால்.

அவன் அவளைத் தேடிப் போனான்.

வண்டிகள் நிற்கிற இடத்தில் பிக்கப் வண்டியின் கதவைத் திறந்துகொண்டிருந்தாள். நெடுநெடுவென்று வளர்ந்த பெண். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், தலையில் உரக்கம்பெனித் தொப்பி. உருளைக்கிழங்கு நடவு நடக்கிறதால் மதியமே வீட்டுக்குப் போக அனுமதி.

"சார், கவுன் வாங்கிட்டேன்! எனக்கே நீளம், ரெண்டு பேருக்குச் சேத்துத் தச்சிருக்கான். இதப் போட்டுக்கிட்டு கம்பம் ஏறினா நேரா சொர்க்கந்தான்."

அவன் சொன்னான். சுற்றிவளைக்கவில்லை. பாதி மாறிவிட்டது, மாற்றியது நான், முதல் பாதி இன்னும் காலியாக இருக்கிறது.

அவள் கவுனைச் சுருட்டி இருக்கையில் போட்டாள்.

"அப்ப நான் நாலு மாசமா படிச்சது?"

"ஏற்கெனவே பாஸ் பண்ணினதையே மறுபடி படிச்சிருக்கே."

"எனக்கு அப்பவே தோணுச்சு. இந்தக் கதைய நான் படிச்சிருக்கேனே, இந்தக் கேள்விக்கு நான் பதில் எழுதியிருக்கேனேன்னு."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"ஏன் சொல்லலையா?" அவள் குரல் எழும்பியது. "திரும்பப் படிக்கிற ரூம் சார் அது! அங்க வர்றதெல்லாம் ஏற்கெனவே படிச்சதாத்தானே இருக்கும்? புதுசா ஏதாவது வந்திருந்தா இது என்னன்னு கேட்டிருப்பேன்!"

அவள் சொன்னது சரி. அந்த அறையில் வேறு யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

"உங்க கண்ணு எங்க சார் போச்சு? முதல்னா முதல், ரெண்டுன்னா ரெண்டு. எங்க வீட்டு நாய்க்குக்கூட முன்கால் பின்கால் தெரியும். நாங்க ஒரு எழுத்துத் தப்பா எழுதினா பூட்டுறீங்க இல்ல? உங்கள யாரு பூட்டுறது?"

பக்கத்து வண்டிகளில் பேச்சு நின்றது. ஒரு பையன் மெதுவாக, "கோலெட், விடு. அவருக்கு..." என்றான்.

"அவருக்கு என்னன்னு எனக்குத் தெரியாதா? அடக்கத்துக்கு நானும்தான் வந்தேன். சவப்பெட்டி பின்னால நடந்தேன். அதுக்காக என் வருஷத்தையும் சேத்தா பொதைக்கணும்?"

சொன்ன பிறகு அவளே வாயைப் பொத்திக்கொண்டாள்.

கில்மன் அப்படியே நின்றான். குளிரில் விறைத்த விரல்கள் அடுப்பருகே வந்ததும் வலிக்குமே, அதுபோல எங்கோ வலித்தது. ஐந்து மாதமாக யாரும் அவனைத் திட்டவில்லை. தப்புச் செய்தால் திட்டுவார்கள் என்பதே மறந்துபோயிருந்தது. இன்னும் கொஞ்சம் திட்டினால் தேவலை என்று இருந்தது.

"இன்னும் ஏதாவது இருந்தா சொல்லு," என்றான்.

"என்னது?"

"முழுசா திட்டி முடி. அப்புறம் வேலையப் பாப்போம். சனிக்கிழமை அஞ்சு மணி வரைக்கும் இருக்கு."

அவள் கதவில் சாய்ந்தாள். "எப்ப சார் படிக்கிறது? மழை நின்னு இப்பத்தான் மண்ணு காஞ்சிருக்கு. ஏற்கெனவே லேட்டு. டிராக்டர் அப்பா ஓட்டினா, நடவு மெஷின் பின்னால ஒக்காந்து பாக்க நான் ஒருத்திதான். வர்றேன்னு சொன்ன ஆளு வரல." பூட்ஸில் ஒட்டிய மண்ணைச் சக்கரத்தில் தேய்த்தாள். "முதல் பாதிய எதுக்கு விட்டேன் தெரியுமா? கிழங்கெடுக்க ஸ்கூல் விடுற அறுவடை லீவு முடிஞ்சும் எங்க கிழங்கு மண்ணுக்குள்ளயே கெடந்துச்சு. மழை. எடுத்து முடிச்சுட்டு வந்தா, வயலெட் டீச்சர் தேதி போச்சுன்னு கட்டுரைய வாங்கல. அப்பக் கிழங்கு எடுக்கப் போய் விட்டேன். இப்பக் கிழங்கு நடப் போய் விடப்போறேன்."

"மெஷின் பின்னால நான் ஒக்கார்றேன்."

"எங்க?"

"உன் எடத்துல. நீ வண்டியில ஒக்காந்து படி."

அவள் அவன் காலைப் பார்த்தாள். பளபளப்பான கறுப்பு ஷூ. அவளையும் மீறிச் சிரிப்பு வந்துவிட்டது.

"இந்த ஷூவோடயா?"

"சின்ன வயசுல கிழங்கு பொறுக்கியிருக்கேன்."

"இந்த ஊர்ல யாருதான் பொறுக்கல? அது பொறுக்குறது சார். இது நடுறது. சரி, பூட்ஸ் போட்டுக்கிட்டு வாங்க."

பாடங்களை எங்கே வேண்டுமானாலும் உட்கார்ந்து படிக்கலாம். கடைசித் தேர்வு அப்படியில்லை. அதை ஓர் ஆசிரியரின் கண் முன்னால் எழுத வேண்டும். கில்மன் மெஷின் மேல் இருந்தால் அந்தக் கண்ணுக்கு எங்கே போவது? தலைமையாசிரியர் லஜ்வாவிடம் போனான். லஜ்வா விதிகளை இரண்டு தடவை படித்தார்.

"ஆசிரியர் பார்வையிலன்னு இருக்கு. கட்டடத்துக்குள்ளன்னு இல்ல. ஆனா சனிக்கிழமையும் அதுவுமா வயக்காட்டுக்கு யார அனுப்புறது?"

"நான் போறேன்."

கடிதப் பெட்டிகள் பக்கமிருந்து குரல் வந்தது. வயலெட் டீச்சர் தன் தபால்களைப் பிரித்துக்கொண்டே நின்றார். முப்பது வருடமாகப் பதினொன்றாம் வகுப்புக்கு இங்கிலீஷ் நடத்துகிறவர்.

"டீச்சர், அது வயல்," என்றார் லஜ்வா.

"நான் வயல்ல பொறந்தவ. நீதான் டவுன்ல பொறந்தவன்."

லஜ்வா கில்மனைப் பார்த்தார். கில்மன் தரையைப் பார்த்தான்.

"அவ கட்டுரைய வாங்க மாட்டேன்னு சொன்னது நான்," என்றார் டீச்சர். "அது தப்புன்னு சொல்ல வரல. தேதின்னா தேதி. இந்தச் சனிக்கிழமையும் தேதிதான். அதுக்குள்ள எழுதுறான்னா நான் போய் ஒக்காருவேன்." தபாலைப் பையில் போட்டார். "அந்த வண்டியில நாய் இருக்குமா?"

"இருக்கும்னு நெனைக்கிறேன்."

"எனக்கு நாய் பிடிக்காது," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்று மாலையே கில்மன் வயலுக்குப் போனான். ஆற்றைப் பார்த்துச் சரிகிற நிலம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் கனடா. கோலெட்டின் அப்பா ரெனால்ட் சீர் டிராக்டரை விட்டு இறங்கி வந்தார். குட்டையான, அகலமான மனிதர். மேலிருந்து கீழ் வரை பார்த்தார்.

"பாதிய மாத்திப் போட்ட ஆளு நீதானா?"

"நான்தான்."

"என் மெஷின்லயும் அதப் பண்ணிராத. பாதி வயல்ல புல்லு பூண்டுகூட மொளைக்காது."

நடவு மெஷின் பழசு. பின்னால் ஓர் இரும்பு இருக்கை. எதிரே இரண்டு சங்கிலிகள், அவற்றில் சின்னச் சின்னக் கிண்ணங்கள். ஒவ்வொரு கிண்ணமும் பெட்டிக்குள் போய் ஒரு விதைக்கிழங்குத் துண்டை அள்ளிக்கொண்டு வந்து சாலில் போடும். சில கிண்ணம் வெறுமனே வரும். உடனே கையிலிருந்து ஒரு துண்டை அதில் வைக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

"கண்ண எடுக்காத," என்றார் ரெனால்ட். "ஒரு கிண்ணத்த விட்டா ஒரு பொக்கை. ஜூலையில பூ விடுறப்ப ரோட்டுல போறவன் எல்லாம் அந்தப் பொக்கையப் பாப்பான். சீர் வீட்டு வயல்ல பொக்கைன்னு சர்ச்சுல பேசுவான். தூக்கம் வந்தா எறங்கிரு. கைய மட்டும் சங்கிலிக்குள்ள விட்ராத. எனக்கு வாத்தியார் கை வேண்டாம்."

டிராக்டர் உறுமியது. கிண்ணங்கள் நகர்ந்தன. இருக்கிறது, இருக்கிறது, இருக்கிறது, இல்லை. அவன் பெட்டிக்குள் கைவிட்டான். அதற்குள் அது போய்விட்டது. அதற்கடுத்ததும் போனது. சால் முடிந்ததும் ரெனால்ட் இறங்கி வந்து பார்த்தார்.

"எத்தன விட்ட?"

"முதல்ல கொஞ்சம்."

"கொஞ்சமா?" மண்ணைக் காலால் தள்ளிப் பார்த்தார். "விடு. திரும்பிப் போய் நட நேரமில்ல. ஊரே பாக்கட்டும்."

அடுத்த சாலில் கைநிறையத் துண்டுகளை முன்னமே எடுத்து வைத்துக்கொண்டான். வெறும் கிண்ணம் வந்தது. வைத்தான். இன்னொன்று வந்தது. வைத்தான். புழுதி மூக்கிலும் பல்லிலும் ஏறியது. ஐந்து மாதமாக அவன் கண்கள் திறந்துதான் இருந்தன. ஆனால் எதையும் பார்க்கவில்லை. இங்கே பார்க்காமல் இருக்க முடியாது. ஒவ்வொரு கிண்ணமும் முகத்துக்கு நேரே வந்து, இருக்கிறதா இல்லையா என்று கேட்டது.

வயலோரம் பிக்கப் நின்றது. ஒவ்வொரு திருப்பத்திலும் அதற்குள் கோலெட்டின் தொப்பி தெரிந்தது. மடியில் மடிக்கணினி, பக்கத்தில் நாய். பாடத்துக்கு முன்னால் ஒரு சின்னத் தேர்வு வரும். அதில் தேறினால் அந்தப் பாடத்தைத் தாண்டிப் போகலாம். அவள் தாண்டித் தாண்டிப் போனாள். தாண்ட முடியாதது கட்டுரை. வாதம் செய்கிற கட்டுரை, தலைப்பு அவள் விருப்பம். வியாழக்கிழமை மாலை டிராக்டர் திரும்புகிற இடத்தில் ஜன்னல் வழியாக எட்டிக் கத்தினாள்.

"சார், தலைப்புப் புடிச்சுட்டேன்! அறுவடை லீவ காலண்டர் பாத்து விடக் கூடாது, மண்ணப் பாத்து விடணும்னு!"

"அதத் திருத்தப்போறது வயலெட் டீச்சர்!" என்று இவன் கத்தினான்.

"தெரியும்!"

வெள்ளிக்கிழமை காலை கட்டுரை டீச்சருக்குப் போனது. மதியம் திரும்பி வந்தது. எண்பத்தெட்டு. அடியில் ஒரே வரி. கோலெட் அதை வயலில் நின்று உரக்கப் படித்தாள்: "வாதம் தவறு. கட்டுரை நன்று."

ரெனால்ட் டிராக்டர் மேலிருந்தே சிரித்தார். "என் கல்யாணத்தப் பத்தி எங்க மாமனார் சொன்னதும் இதேதான்."

அன்று மாலை சாப்பாட்டுக்கு நிறுத்தினார்கள். ரெனால்ட் ஒரு துணிமூட்டையைப் பிரித்தார். சூடு போகாமல் சுற்றிவைத்த ப்ளோய்கள், அந்த ஊர்த் தோசைகள், மஞ்சளாக, மேலெல்லாம் சின்னச் சின்னக் கண்களோடு. வெண்ணெய் தடவிச் சுருட்டி ஒன்றைக் கில்மனிடம் நீட்டினார்.

"ஓடில் ஸ்கேட்டிங் ரிங்க்ல டிக்கெட் குடுத்தாளே," என்றார் வயலைப் பார்த்தபடி. "கோலெட்ட எத்தன வருஷம் ஓசியில விட்டா தெரியுமா? எனக்குத் தெரியாதுன்னு ரெண்டு பேருக்கும் நெனப்பு."

"அப்பா!"

"என்ன அப்பா? ஒரு தடவ ஐஸ்ல விழுந்து பல்ல ஒடைச்சுட்டு வந்து நின்ன. அன்னிக்கு டிக்கெட் வாங்கவே இல்லன்னு உன் வாயாலயே சொன்ன. பல்லு போனதுல ஒளறிட்ட."

கில்மனுக்கு அந்தக் கதை தெரியும். ஓடில் சொல்லியிருக்கிறாள், அந்த உளறல் உட்பட. இந்த ஐந்து மாதத்தில் அவள் பெயரை எல்லோரும் கண்ணாடிப் பொருள் மாதிரி தூக்கி வைத்திருந்தார்கள். இங்கே அது வெண்ணெய்க் கத்தியோடு சேர்ந்து கைமாறியது.

அவன் கையிலிருந்ததைத் தின்றான். இன்னொன்று எடுத்தான். மூன்றாவதை எடுக்கும்போதுதான் பசிக்கிறது என்று தெரிந்தது.

சனிக்கிழமை வயலெட் டீச்சர் தன் காரில் வந்தார். வெயில் தொப்பி, தோட்டத்துப் பூட்ஸ், கையில், உட்காரத் தன் வீட்டுத் திண்டு. பிக்கப்பின் கதவைத் திறந்தார்.

"நாய எறக்கு."

"அது எறங்காது டீச்சர்," என்றாள் கோலெட். "அது பொறந்ததே இந்த சீட்டுல."

"அப்ப அது நடுவுல ஒக்காரட்டும். வாயத் தொறக்கக் கூடாது. நீயும்தான்."

கதவு சாத்திக்கொண்டது. கில்மன் மெஷினில் ஏறினான். வானம் மேற்கே கறுத்து வந்தது. மழைக்கு முன்னால் கீழ்வயலை முடிக்க வேண்டும் என்று ரெனால்ட் டிராக்டரை விரட்டினார். தேர்வின் கதி என்ன என்று திரும்பிப் பார்க்க முடியவில்லை. திரும்பினால் ஒரு கிண்ணம் போய்விடும்.

விதைப் பெட்டி காலியானதும் வயலோரம் வந்து நிறுத்தினார்கள். மூட்டையைத் தூக்கிக் கவிழ்த்துக்கொண்டிருந்தபோது பிக்கப்பின் கதவு படாரென்று திறந்தது. கோலெட் வெளியே குதித்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"போச்சு சார்! அஞ்சு மணி ஆயிருச்சு! மூடிட்டாங்க! பக்கம் அப்படியே நின்னுபோச்சு!"

"இப்பத்தானே ஆரம்பிச்ச?"

"மணியப் பாருங்க!" மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினாள். மூலையில் ஐந்து தாண்டியிருந்தது.

அவன் பையிலிருந்த போனை எடுத்தான். அதிலும் ஐந்து தாண்டியிருந்தது.  மறுபடியும் கண்ணை எங்கோ வைத்திருந்தேனா? மறுபடியும் ஒன்றைக் கோட்டை விட்டேனா? மூட்டை கையிலிருந்து நழுவி விதைத் துண்டுகள் காலடியில் கொட்டின. ரெனால்ட் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். 

பிக்கப்பின் ஜன்னல் மெதுவாக இறங்கியது. வயலெட் டீச்சரின் கை வெளியே வந்தது. மணிக்கட்டில் சாவி கொடுக்கிற பழைய கடிகாரம்.

"நாலு," என்றார்.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

"நாலும் கொஞ்சமும். உங்க போனெல்லாம் ஆத்துக்கு அந்தப் பக்கத்து டவரப் புடிச்சிருக்கு. அங்கதான் அஞ்சு. பக்கம் நின்னதும் அதனாலதான். மூணு பேரும் இதே ஊர்ல பொறந்தவங்க. இது கனடா மணின்னு ஒருத்தருக்கும் தோணலையா?"

ரெனால்ட் ஆற்றைப் பார்த்தார். பிறகு தன் போனைப் பார்த்தார். "என் தங்கச்சி கல்யாணத்துக்கே இதால ஒரு மணி நேரம் முன்னாடி போய் நின்னேன்," என்றார். "அதுக்கப்புறமும் புத்தி வரல."

"பரீட்சை நடுவுல எறங்கி வந்துட்டேனே டீச்சர்," என்றாள் கோலெட்.  "அது செல்லாதா?"

"என் கண்ணு முன்னாலதான் எறங்கின. என் கண்ணு முன்னாலதான் நிக்கிற. விதியில இருக்கிறது அவ்வளவுதான். வண்டியக் கொஞ்சம் மேட்டுல ஏத்து, நம்ம டவர் கெடைக்கும். ஓட்டுறப்ப அத மூடி வை. சீக்கிரம், நாய்க்கு வேர்க்குது."

பிக்கப் மேட்டில் ஏறி நின்றது. கில்மன் கொட்டியதை அள்ளிப் பெட்டியில் போட்டான். அள்ளியதில் பாதி மறுபடி கீழே விழுந்தது. தன் கையை ஆச்சரியமாகப் பார்த்தான். பயம். பயந்திருக்கிறேன். எத்தனை நாளாயிற்று எதற்காவது பயந்து.

"ஏறுப்பா," என்றார் ரெனால்ட்.

சால்கள் போயின, வந்தன. மேற்கே முதல் இடி கேட்டது. சாலின் நடுவே அவர்கள் இருந்தபோது மேட்டிலிருந்து ஹார்ன் சத்தம் வந்தது. நீளமாக, விடாமல். பாஸா, ஃபெயிலா? ஹார்னில் என்ன தெரியும்?

"நிறுத்துங்க!" என்று கத்தினான் கில்மன்.

"சால் பாதியில நிறுத்த மாட்டேன்!" என்று முன்னாலிருந்து பதில் வந்தது. "கிண்ணத்தப் பாரு!"

மறுபடியும் ஹார்ன். அவன் கிண்ணங்களைப் பார்த்தான். இருக்கிறது, இருக்கிறது, இல்லை. வைத்தான். இருக்கிறது. கண் எரிந்தது. புழுதியாகத்தான் இருக்கும் என்று நினைத்தான். துடைக்கக் கை ஒழியவில்லை. சால் இவ்வளவு நீளம் என்று இதுவரை தெரியாது.

வயலோரம் வந்ததும் குதித்து இறங்கி மேட்டுக்கு ஓடினான். கோலெட் வண்டியின் பின்தட்டில் ஏறி நின்று கவுனைத் தலைக்கு மேல் சுழற்றிக்கொண்டிருந்தாள். ஹார்னை அழுத்திக்கொண்டிருந்தது வயலெட் டீச்சர்.

"எழுபத்தொம்போது," என்றார் டீச்சர், கையை எடுத்துவிட்டு. "எண்பது வந்திருக்கும். ஒரு கேள்வியில அவசரப்பட்டா. நடீன் வீட்டுக்குப் போன் பண்ணிட்டேன். ஏத்திட்டாளாம். முதல் பாதியிலதான்னு ரெண்டு தடவ கேட்டு உறுதி பண்ணிக்கிட்டேன்."

கில்மன் வண்டியின் பக்கவாட்டில் சாய்ந்தான்.  மூச்சு உள்ளே போய், அடிவரை போய், வெளியே வந்தது. கோலெட் குதித்து இறங்கி அவன் தோளில் ஓங்கி ஒரு குத்து விட்டாள். நன்றாக வலித்தது.

"இது ஜனவரிக்கு," என்றாள். பிறகு கழுத்தைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். "இது இந்த மூணு நாளைக்கு."

"உன் கவுன் மண்ணாயிருச்சு," என்றான் அவன்.

"நீளம்தானே. வெட்டிக்கிறேன்."

ரெனால்ட் மெதுவாக ஏறி வந்தார். மகள் தலையில் தொப்பியை அழுத்தினார்.  டீச்சரிடம் போய்த் தன் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு நீட்டினார். டீச்சர் குலுக்கினார்.

"வாதம் தப்புன்னு எழுதினீங்களாமே," என்றார் ரெனால்ட்.

"தப்புதான்."

"மழை வருது. இன்னும் ரெண்டு சால் பாக்கி. மண்ணுகிட்ட கேட்டுப் பாருங்க, யாரு சரின்னு சொல்லும்."

கோலெட் மெஷினை நோக்கி நடந்தாள். கில்மன் அவளை முந்திக்கொண்டு போய் இருக்கையில் உட்கார்ந்தான்.

"சார், பரீட்சை முடிஞ்சிருச்சு. எறங்குங்க. அது என் சீட்டு."

"நடவு முடியலையே," என்றான். கை நிறைய விதைத் துண்டுகளை எடுத்துக்கொண்டான்.

மழை கடைசிச் சாலில் பிடித்துக்கொண்டது. நனைந்தபடியே முடித்தார்கள். வயலெட் டீச்சரும் நாயும் வண்டிக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஜூலையில் கிழங்குச் செடிகள் பூத்தன. ஆறு வரைக்கும் வெள்ளை வெள்ளையாக வரிசைகள். ரோட்டோர வயலில் மட்டும், முதல் சாலின் தொடக்கத்தில், பல் விழுந்த வாய்போல நீளமாக ஓர் இடம் காலி. ரெனால்ட் அதை யாரிடமும் மறைக்கவில்லை. போகிற வருகிறவர்களின் வண்டியை நிறுத்திக் காட்டினார்.

மளிகைக் கடையில் கில்மன் வெண்ணெயும் ப்ளோய் மாவும் வாங்கிக்கொண்டு வரிசையில் நின்றான். யாரும் அவனை முன்னால் விடவில்லை. கல்லாவில் இருந்த பெண் பொருள்களைத் தள்ளிக்கொண்டே சத்தமாகக் கேட்டாள்.

"ஏன் வாத்தியாரே, சீர் வீட்டு வயல்ல உன் பொக்கை நல்லாத் தெரியுதாமே? என் வீட்டுக்காரர் வண்டிய நிறுத்திப் பாத்துட்டு வந்தாரு."

வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கில்மனும் சிரித்தான்.

"வீட்டுக்கு அந்த வழியாத்தான் போறேன்," என்றான். "தெனமும் பாக்கறேன்."